மெத்தைக் கடையிலிருந்து வெளியேறும் வழி

உழைத்தது போதும் என்று முடிவெடுத்தேன். கடையை விற்க வேண்டும். வீட்டில் காலை நீட்டிச் சாய வேண்டும். கூப்பிடாமலே காபி வர வேண்டும். மிச்சமுள்ள ஆயுளுக்கு எனக்கு வேறு ஆசையே இல்லை.

நான் மெத்தப் படித்தவன் அல்ல, மெத்தை தைத்தவன். அதனால் ஆடிட்டரிடம் யோசனை கேட்டேன்.

"தொழிலை விட்டு வெளியே வரவும் ஒரு திட்டம் வேணும் சார். எக்ஸிட் பிளான்னு பேரு. நீங்க இல்லாமலே கடை ஓடும்னு காட்டுங்க. அப்பத்தான் எவனாவது வாங்குவான். ஒரு வாரம் கடைப் பக்கமே தலைவச்சுப் படுக்காதீங்க," என்றார்.

இதில் ஒரு சிக்கல். கல்யாணமான நாள் முதல் என் மனைவியிடம் நான் பாடிவந்த பாட்டு வேறு. "நான் இல்லாட்டிக் கடை ஒரு நாள் ஓடாது!" காய்கறி வாங்கக் கூப்பிட்டாலும் இதே பாட்டுதான், அவள் தங்கை வீட்டுக்குக் கூப்பிட்டாலும் இதே பாட்டுதான். பாவம், அவளும் நம்பினாள். நம்பினாள் என்று நான் நம்பினேன்.

வீட்டில் இருந்த அந்த ஒரு வாரமும் நான் சும்மா இருக்கவில்லை. முதலாளி எங்கே இருந்தாலும் முதலாளிதானே! கடையில் கனமான சரக்கைக் கீழேயும் லேசான சரக்கை மேலேயும் அடுக்குவோம். சமையலறையையும் அப்படியே மாற்றி அடுக்கினேன். அரிசி மூட்டை அடுப்புக்குக் கீழே வந்தது. கடுகும் டீத்தூளும் பரணுக்குப் போயின.

"என்னங்க, கடுகு எங்க?"

"லேசான சரக்கு. மேல இருக்கும்."

"எண்ணெய் காயுதுங்க!"

"ஏணி பக்கத்துலதான் இருக்கு. எல்லாம் யோசிச்சுத்தான் வச்சிருக்கேன்."

அவள் ஒரு வார்த்தை திட்டவில்லை. கண்ணை மூடினாள், கை கூப்பினாள், உதடுகள் மட்டும் அசைந்தன. எனக்காகத்தான் வேண்டுகிறாள் என்று என் மனம் பஞ்சாய் இளகிவிட்டது.

வாரக் கடைசியில் கடைத் தையல்காரருக்குப் போன் போட்டேன். கடை ஓடியிருந்தது. ஓடியதென்ன, பறந்திருந்தது! எனக்கே தூக்கிவாரிப் போட்டது.

"எப்படிய்யா?"

"மத்தியானம் நீங்க தூங்குவீங்கன்னு மிஷினை நிறுத்தி வைப்போம்ல முதலாளி? இந்த வாரம் நிறுத்தவே இல்ல."

அவமானம்தான். ஆனாலும் லாபம்! உடனே சோபாக் கடைக்காரரை வீட்டுக்கு வரவழைத்தேன். மெத்தை வியாபாரத்திலும் கால் வைக்க ஆள் துடித்துக்கொண்டிருந்தார்.

"நான் இல்லாமலே கடை ஜம்முனு ஓடுது சார். போன வாரமே சாட்சி," என்று ஆரம்பித்தேன்.

காபியோடு வந்த என் மனைவி அப்படியே நின்றுவிட்டாள்.

"ஐயோ அண்ணா, அதை நம்பாதீங்க! இவரு அடக்கமா பேசுறாரு. இவரு இல்லாட்டிக் கடை ஒரு நாள் ஓடாது."

"போன வாரம் ஓடுச்சாமேம்மா?"

"அது இவரு முன்னாடியே முடுக்கிவிட்ட வேகம்ணா. நானா சொல்லல, இவரே தினம் சொல்லுவாரு. என்னங்க, சொன்னீங்களா இல்லையா?"

சொன்னேன் என்றால் கடை விலைபோகாது. சொல்லவில்லை என்றால், இத்தனை வருஷமாக அவள் தங்கை வீட்டுக்குப் போகாததற்குப் பதில் சொல்ல வேண்டும்.

"சொன்னேன்," என்றேன். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது.

சோபாக் கடைக்காரர் தாடையைத் தடவினார். "அப்ப ஒண்ணு செய்வோம். கடையை நான் வாங்கிக்கிறேன். ஆனா கடையோட நீங்களும் வரணும். அஞ்சு வருஷம் மேனேஜரா இருங்க. காலையில நீங்கதான் திறக்கணும், ராத்திரி நீங்கதான் பூட்டணும்."

"நானா?"

"ஆண்டவன் கண்ணைத் திறந்துட்டான்!" என்றாள் என் மனைவி.

தலையணை மந்திரம் என்று ஊரில் சொல்வார்கள். ஊருக்கெல்லாம் தலையணை விற்றவன் நான். எனக்குத் தலையணையே இல்லாமல், பட்டப்பகலில், வந்தவர் எதிரிலேயே ஓதிவிட்டாள்! கைகுலுக்கல்கூட முடிந்துவிட்டது. என் கையை அவர்தான் எடுத்துக் குலுக்கினார்.

வாசல்வரை போய் அவரை வழியனுப்பிவிட்டு வந்தாள்.

"ஏம்மா, தெரிஞ்சேதான் பேசினியா?"

"உங்க வாயில வந்ததைத்தானேங்க சொன்னேன்."

"நான் கொஞ்சம் ஓய்வா இருக்கலாம்னு நெனச்சேன்!"

"நானுந்தாங்க," என்றாள், அத்தனை சாந்தமாக.

கடைசியாக ஒரு நம்பிக்கையைத் தடவிப் பார்த்தேன். "ஞாயித்துக்கிழமையாவது லீவு உண்டுல்ல?"

காலி டம்ளர்களை எடுத்துக்கொண்டே சொன்னாள்:

"வாசல்ல அவரும் அதைத்தாங்க கேட்டாரு. லீவு உங்க உடம்புக்கே ஆகாதுன்னு சொல்லிட்டேன்."