ரெண்டுதரம் மாமா முடிக்காத ஏலம்

ஏலம் விட முடியாத பொருள் என்று உலகத்தில் எதுவுமே கிடையாது என முழுமனதாக நம்பிய ஒரே மனிதர், எங்கள் லைட்ஹவுஸ் குப்பத்து ரெண்டுதரம் மாமாதான்.

கரையில் மீன் ஏலம் விடுவது அவர் தொழில். "ஒரு தரம், ரெண்டு தரம்" வரை எக்ஸ்பிரஸ் ரயில் மாதிரி வருவார். அதற்குப் பிறகு லுங்கியை அவிழ்த்துக் கட்டுவார். பீடி பற்றவைப்பார். வியாபாரியின் மாமியாருக்குக் கால்வலி தேவலையா என்று விசாரிப்பார். அதற்குள் பொறுமை போன எவராவது விலையை ஏற்றிவிடுவார். படகுக்காரர்கள் அவரைக் கும்பிட்டார்கள், வியாபாரிகள் சபித்தார்கள். அவருடைய நிஜப்பெயர், அவர் மனைவிக்கே ரேஷன் கார்டைப் பார்த்தால்தான் ஞாபகம் வரும்.

ஒருமுறை பொன்னேரி பஸ்ஸில் ஜன்னல் சீட்டை ஏலம் விட்டார். கண்டக்டரே எடுத்துவிட்டார். அன்று பயணிகள்தான் அவரிடம் எழுந்து போய் டிக்கெட் வாங்கினார்கள்.

இப்படிப்பட்டவர் என் படிப்பில் தலையிட்டார்.

எங்கள் வீட்டில் எட்டாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். இதைச் சொல்லிக்கொள்ள எனக்குக் கூச்சமே கிடையாது. பன்னிரண்டாம் வகுப்பு முடித்ததும் ஒரு தனியார் கல்லூரியில் நர்சிங் இடம் கிடைத்தது. வெள்ளிக்கிழமைக்குள் முதல் வருஷ ஃபீஸ் கட்டாவிட்டால் இடம் அடுத்தவருக்கு. நைனாவும் சித்தப்பாவும் படகுக்குப் புது இன்ஜின் வாங்கப் பணம் சேர்த்து வைத்திருந்தார்கள்.

"இன்ஜின் வாங்கினா நாளைக்கே மீன் புடிக்கும். இது படிச்சி நாலு வருசம் கழிச்சி இன்னா புடிக்கப் போவுது?" என்றார் சித்தப்பா.

நைனா வலையைப் பிரித்தார், திரும்பச் சுருட்டினார். அம்மா துலக்கிய பாத்திரத்தையே துலக்கினாள். நான் வாசலுக்கும் குழாயடிக்கும் நடந்து நடந்து, புதன்கிழமைக்குள் மணலில் ஒரு பாதையே போட்டுவிட்டேன்.

வியாழக்கிழமை காலை நைனா சட்டையை மாட்டினார். மீன் வியாபாரியிடம் முன்பணம் வாங்கப் போகிறாராம். முன்பணம் வாங்கிவிட்டால் படகின் மீன் ஏலத்துக்கே வராது. வியாபாரி சொன்னதுதான் விலை, கடன் தீரும்வரை.

எப்படித்தான் மோப்பம் பிடித்தாரோ, ரெண்டுதரம் மாமா வாசலில் நின்றார்.

"இன்னா மச்சான், என் பொழப்புல மண்ணு போடப் போறியா? சட்டையக் கழட்டு. ஃபீஸ நான் ஏலம் வுடறேன்."

"ஃபீஸ யாராவது ஏலம் எடுப்பாங்களா?"

"ஒக்காரு, காட்றேன்."

கருவாடு காயப்போட்ட பாயைச் சுற்றி எல்லாரையும் உட்கார வைத்தார்.

"சரக்கு இன்னான்னா, இந்தப் பொண்ணோட ஒரு வருசம். யாரு இன்னாத்த வுட்டுக் குடுக்கறீங்க?"

அம்மா கை தூக்கினாள். "இந்த மாசம் என் சீட்டு வுழுது."

"ஒரு தரம்!"

கருவாடு விற்கும் அத்தை கம்மலைத் தொட்டுக் காட்டினாள். "இத்த அடகு வச்சிக்கோங்க. காது கொஞ்ச நாள் காத்தாடட்டும்."

அடுத்து எல்லாரும் சித்தப்பாவைப் பார்த்தோம். அப்போது பாயில் ஒரு காக்கா வந்து உட்கார்ந்தது. சித்தப்பா அதை விரட்டக் கையை ஓங்கினார்.

"ரெண்டு தரம்! சின்ன மச்சான் கை தூக்கிட்டான்! பழைய இன்ஜினையே இன்னும் ஒரு வருசம் ஓட்றேங்கறான்!"

"யோவ், நான் காக்காவ வெரட்டினேன்யா!"

"காக்காவுக்குன்னு ஏலத்துல தனிச் சட்டம் கீதா?"

கரை இரைச்சலில் வாய் எடுபடாது. எங்கள் ஏலத்தில் தூக்கிய கைதான் பேச்சு. தூக்கியவன் பின்வாங்கினால் ஊர்க்கூட்டத்தில் அபராதம். சித்தப்பா மாமாவை முறைத்தார். பிறகு என்னைப் பார்த்தார். காக்கா ஒரு வாளைக் கருவாட்டைக் கவ்விக்கொண்டு பறந்தது. ஓங்கிய கையை அவர் இறக்கவில்லை.

நைனா சட்டையைக் கழற்றினார்.

எல்லாரும் மூன்றாம் தரத்துக்குக் காத்திருந்தோம். மாமா லுங்கியை இறுக்கிக் கட்டிக்கொண்டு நடையைக் கட்டிவிட்டார். அடுத்த வருஷம் ஃபீஸ் கட்டும் வாரத்தில் வந்து நின்றார். "இன்னும் மூணாந்தரம் சொல்லல. ஏலம் நடந்துனுதான் கீது." நாலு வருஷமும் இதே கதை. நாலு வருஷமும் சித்தப்பா, காக்கா இருந்தாலும் இல்லாவிட்டாலும், கையைத் தூக்கினார். அந்தப் பழைய இன்ஜினின் இருமலைக் கேட்டே வருவது எங்கள் படகு என்று குப்பமே சொல்லும்.

இப்போது சென்னையில் ஒரு மருத்துவமனையில் நர்ஸ் நான். போன மாதம் ஊருக்குப் போனபோது, இறால் கூடைகளுக்கு நடுவே ரெண்டு தரத்தில் நின்றுகொண்டிருந்த மாமாவிடம் போனேன்.

"மாமா, படிப்பு முடிஞ்சி வேலைக்கும் போயிட்டேன். என் ஏலத்துக்கு மூணு தரம் சொல்லிடுங்களேன்."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"மூணாந்தரம் சொன்னா சரக்கு கரைய வுட்டுப் பூடும் கண்ணு," என்று சொல்லிவிட்டு, வியாபாரியின் மாமியாரை விசாரிக்கத் திரும்பிவிட்டார்.

என் பஸ்ஸுக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. ஓரிடத்தில் நிற்காத கால் எனக்கு. அந்தக் கூடை விலைபோகும்வரை அங்கேயே நின்றேன்.