அரை பிஸ்கட் மாமா

'ஒரு வாய்தானே' என்னும் இனத்தாரை உங்களுக்குத் தெரியும். சர்க்கரை நோயாளிக்கு லட்டைப் பிட்டு நீட்டுவார்கள். ஆபரேஷனுக்குக் காத்திருப்பவருக்குக் காபி ஆற்றுவார்கள். ஏனென்று கேட்டால் மனசு கேட்கவில்லை என்பார்கள். அந்த மனசு யார் சொல்லித்தான் கேட்டிருக்கிறது?

பிள்ளையார்பாளையம் முனிரத்தினம் இந்த இனத்தின் அசல் சரக்கு. பெரிய வெள்ளியன்று ஆராதனை முடியும்வரை எச்சில்கூட விழுங்காதவர். அவ்வளவு கண்டிப்பு. ஆனால் பட்டினியைக் கடவுள் சொல்ல வேண்டும். டாக்டர் சொன்னால் அது கொடுமை.

தங்கை வடிவின் குழந்தை ஏஞ்சலுக்கு இரண்டரை வயது. கூப்பிட்டால் திரும்புவதில்லை. தறிச் சத்தத்தில் வளரும் பிள்ளை அப்படித்தான் இருக்கும் என்றது தெரு. வடிவு ஏற்கவில்லை. தலையில் ஒயர் ஒட்டி, காது கேட்கிறதா என்று பார்க்கும் பரிசோதனைக்கு நாள் வாங்கிவிட்டாள். குழந்தை அசையாமல் தூங்க வேண்டும். அதற்கு மருந்து கொடுப்பார்கள். மருந்து கொடுக்க வயிறு காலியாக இருக்க வேண்டும். துணைக்கு அண்ணன் வந்தார். அதுதான் தப்பு.

வடிவு சீட்டு வாங்கப் போன பத்து நிமிடத்தில் அண்ணன் தன் வேலையைக் காட்டிவிட்டார்.

நர்ஸ் குழந்தையை எடை போட்டு, அதற்கேற்ப மருந்தை அளந்து, "கடைசியா எப்பம்மா சாப்ட்டுது?" என்றார்.

"நைட்டு எட்டு மணிக்கு" என்றாள் சீட்டோடு திரும்பியிருந்த வடிவு.

முனிரத்தினம் மின்விசிறியைப் பார்த்தார். அரை பிஸ்கட் சாப்பாட்டில் சேர்த்தியா? இல்லை. இருந்தாலும் கேட்டு வைத்தார்.

"எதுக்கும்மா இவ்ளோ கெடுபிடி?"

"மருந்து மயக்கத்துல வாந்தி வந்தா நுரையீரலுக்குள்ள பூடும் சார். உசுருக்கே ஆபத்து."

மருந்து ஏஞ்சலின் உதட்டருகே போனது.

"சிஸ்டர்! சும்மா கேக்கறேன். அரை பிஸ்கட்டு உள்ள போயிருந்தா?"

"போயிருக்குதா?"

"அரைதாம்மா."

"ஒரே ஒரு அரையா?"

"அரை அரையா... ஒரு எட்டு. டீயில தொட்டுக்கினு. டீ கணக்குல வராதில்ல?"

"இன்னாண்ணா நீ!" என்றாள் வடிவு. "பாத்துக்கோன்னு வுட்டுட்டுப் போனா பேக்கரி தொறந்துக்கினு இருக்கிற?"

நர்ஸ் மருந்தை மூடிவிட்டார். "இன்னிக்கு மருந்து கெடையாது. தானா தூங்கினா பாக்கலாம். இல்லன்னா மூணு வாரம் கழிச்சி வாங்க."

வயிறு நிறைந்த ஏஞ்சல் அரை மணியில் மாமன் தோளிலேயே தூங்கிப்போனாள். மனிதர் விடுவாரா?

"பாத்தியா வடிவு! மருந்தே வாணாம்!" என்று வெற்றி முழக்கம் போட்டார். தாய்மார்கள் மணிக்கணக்காகத் தட்டித் தூங்கவைத்திருந்த மூன்று குழந்தைகள் வீறிட்டு எழுந்தன. வாசலில் இருந்த காவலாளி ஓடிவந்தார்.

மாமன் வாய்க்கு ஒரு சாண் தள்ளி இருந்தது ஏஞ்சலின் காது. அவள் இமைகூட அசையவில்லை.

முனிரத்தினத்தின் குரல் இறங்கியது. "சிஸ்டர்... இவளுக்கு மெய்யாலுமே கேக்கலியா?"

"அத மிஷின் சொல்லட்டும் சார். நீங்க கம்முனு இருங்க." நர்ஸ் குழந்தையை வாங்கிக்கொண்டு உள்ளே போனார். கதவு மூடியது. முனிரத்தினம் வெளியே நின்றார், வாழ்க்கையில் முதல்முறையாகக் கம்மென்று.

நீங்கள் அந்த இனம் இல்லைதான். இதைப் படிக்கும்போதே தலையில் அடித்துக்கொண்டீர்கள். ஆனாலும், எட்டு அரை ரொம்ப அதிகம், நானாக இருந்தால் ஒன்றோடு நிறுத்தியிருப்பேன் என்று நடுவில் ஒரு நொடி தோன்றியதா இல்லையா? வாருங்கள். அந்தக் கதவுக்கு வெளியே உங்களுக்கும் நிற்க இடம் இருக்கிறது.