சுபம்காரரும் சிவப்புக்கல் கம்மலும்

உலகத்தில் அழுதபடி முடிந்த படம் ஒன்றுகூடக் கிடையாது என்று வில்லியனூரையே நம்ப வைத்தவர் ஒருவர் உண்டு. டூரிங் கொட்டகையில் ஊமைப்படத்துக்குக் கதை சொல்பவர். நாங்கள் வைத்த பெயர் சுபம்காரர். கதாநாயகனைப் பாடையில் தூக்கிப் போனாலும், வாயில் வைத்து உரக்கப் பேசும் தகர ஊதுகுழலில், "மயக்கம்தான், வைத்தியர் வூட்டுக்குத் தூக்கினு போறாங்க. சுபம்" என்று முடித்துவிடுவார்.

அன்று சாயங்காலக் காட்சியில், வெள்ளைக்காரப் பெண்ணொருத்தியின் அம்மா விட்டுப்போன ரத்தினக் கற்களை எவனோ திருடிவிட்டான். அவளுக்கும் என் வயதுதான், பதினாலு. கடைசியில் திருடன் கப்பலேறிப் போகிறான், அவள் கடற்கரையில் அழுகிறாள். நான் காதைத் தொட்டுப் பார்த்தேன். ஒரு கம்மல் இல்லை.

அது அக்காவுக்கு மாப்பிள்ளை வீட்டார் போட்ட சிவப்புக்கல் கம்மல். கல்யாணத்துக்கு மூன்றே நாள். அம்மாவுக்குத் தெரியாமல் அக்காவிடம் கெஞ்சி வாங்கிப் போட்டு வந்திருந்தேன். படத்துப் பெண்ணைவிட உரக்க அழுதேன்.

"இன்னாம்மா, அந்தப் பொண்ணுக்கா அழுவுற?" என்றார் சுபம்காரர்.

"இல்ல, எங்கக்கா கம்மலக் காணோம்."

மெஷினை நிறுத்தி விளக்கேற்றச் சொன்னார். ஊதுகுழலை எடுத்தார். "கல்லத் திருடுனவன் கப்பல்ல போவல. இங்கதான் குந்தினு கீறான். வெளக்க அணைக்கிறேன். பத்து எண்றதுக்குள்ள திரைக்கு முன்னாடி வெச்சுடணும்."

விளக்கேற்றிப் பார்த்தால், திரைக்கு முன்னால் பித்தளைச் சுண்ணாம்பு டப்பி ஒன்று, ஒற்றைச் செருப்பு ஒன்று, குடை ஒன்று. குடை சுபம்காரருடையது. காணாமல் போய் நாலு மாதமாம். கம்மலை மட்டும் காணோம்.

குடையைக் கையில் எடுத்தவர் என்னைப் பார்க்கவில்லை, நான் உட்கார்ந்திருந்த இடத்தைப் பார்த்தார். தரை டிக்கெட்டில் முன்னால் இருப்பவர் தலை மறைக்காமலிருக்க மணலைக் குவித்து மேடு கட்டி உட்காருவோம். பின்னாலிருப்பவர்களுக்குத் திரை மறையும் என்று, மேடு என்றால் அவருக்கு ஆகவே ஆகாது.

"இம்மாம் பெரிய மேடு யாரு கட்னது?"

"நான்தான்."

"கையாலயா வாரிக் கொட்டின? குனிஞ்சு குனிஞ்சு?"

நான் தலையாட்டினேன். மனிதர் மண்டியிட்டார், குடைக்காம்பால் மேட்டைக் கிளறினார். மூன்றாவது கிளறலில் சிவப்பாக ஒன்று மின்னியது. போன உயிர் திரும்பி வந்தது. திருடனும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை, என் அவசரம்தான்.

"ஏம்பா, அந்தப் பொண்ணு கல்லு இன்னாச்சு?" என்று பின்னாலிருந்து ஒருவர் கேட்டார்.

சுபம்காரர் முட்டியில் ஒட்டிய மணலைத் தட்டியபடி ஊதுகுழலை எடுத்தார். "அதுவும் கடற்கரை மணல்லதான் கெடக்குது. அலை ஒதுங்கனதும் எடுத்துக்குவா. சுபம்."

அக்கா கல்யாணம் குறையில்லாமல் நடந்தது. பல வருஷம் கழித்து அதே படத்தைப் புதுச்சேரியில் பார்த்த ஒருவர், அந்தப் பெண்ணுக்குக் கல் கிடைக்கவே இல்லை என்றார். நான் நம்பவில்லை. எனக்குத் தேடிக் கொடுத்தவர், அவளை மட்டும் அழ விட்டுவிட்டா போயிருப்பார்?