கழிமுகத்தைச் சொல்லாத கருவாட்டுக்காரம்மா

ஆரணிச் சந்தையில் ஆண்டவனையே சந்தேகப்பட்ட ஒரே ஆள் எங்கள் கருவாட்டுக்காரம்மாதான். பூசாரி உடைத்த தேங்காயில் இரண்டு மூடியும் திரும்பி வந்த பிறகுதான் கும்பிடுவார்.

எங்கோ கடலோரக் கழிமுகத்திலிருந்து வந்தவாசி வழியாக மாட்டுவண்டியில் கருவாடு கொண்டுவருவார். எந்த ஊர் என்று கேட்டால், "ஏன், அங்க வந்து வலை போடப் போறியா?" என்பார். பட்டு நெசவாளர் ஒருவர் தெரியாத்தனமாகக் கருவாடு ருசி என்று புகழ்ந்துவிட்டார். எதற்குப் புகழ்கிறான் என்று யோசித்து, இரண்டு வாரம் அவருக்கு விற்கவேயில்லை.

நான் அப்போது தாலுகா கச்சேரி வாசலில் மனு எழுதிப் பிழைத்துக்கொண்டிருந்தேன். ஒருநாள் காலை அவர் என் எதிரே வந்து உட்கார்ந்தார்.

"நயினாரே, நீ மீன் தின்னமாட்டே இல்ல?"

"மாட்டேம்மா. நாங்க ஜைனருங்க."

"உன் சம்சாரம்? ரகசியமா?"

"அவங்களும் ஜைனர் வூட்டுப் பொண்ணுதான்."

"அப்ப உனக்குச் சொன்னா பாதகமில்ல."

மழையில் வெள்ளம் மணல்மேட்டை உடைத்துக் கழிமுகத்தைத் திறந்ததும், குஞ்சுமீன்கள் வளர்வதற்காகக் கடலிலிருந்து உள்ளே வருமாம். முன்பெல்லாம் அந்தக் கழிமுக வாயில் அப்போது யாரும் வலை போடமாட்டார்கள். கோடையில்தான் உள்ளே போய்ப் பெருமீன் பிடிப்பார்கள். இப்போதோ மழை விழுந்ததும் சுற்றுப்பட்ட ஊர் வலையெல்லாம் வாயிலேயே குவிகிறது. முன்பு மழைக்கு வலை போட்ட மேற்குச் சேற்றுப்பக்கம் ஒரு ஈ காக்கை இல்லை.

"வாசல்லயே எல்லாரும் நின்னுகினு இருந்தா வூட்டுக்குள்ள எவன் வருவான்? கோடையில என் மவனுங்க வலைய நனைச்சுகினு வெறுங்கையா வரானுங்க" என்றார். மடியிலிருந்து ஒரு கருவாட்டை எடுத்துக் காட்டினார். விரல் நீளம்கூட இல்லை. முழங்கை நீளம் இருக்கவேண்டிய மடவை மீனாம்.

"எந்த ஊர் கழிமுகம்மா?"

"அத எழுதாதே."

"யார் மேல புகார்?"

"அவனுங்க மேலதான்."

'கலெக்டர் துரையவர்கள் சமூகத்துக்கு, ஓரிடத்தில் சிலர்' என்று எழுதிப் படித்துக் காட்டினேன். 'வலை கூடாது' என்ற இடத்தில் நிறுத்தினார்.

"உங்க மதத்துக்காக எல்லா வலையையும் நிறுத்தப் பாக்கறியா?"

'மழை மாதங்களில் மட்டும், வாயில் மட்டும்' என்று சேர்த்தேன். பிறகு பேனாவைக் கீழே வைத்தேன். "ஊர் சொல்லலைன்னா துரை எங்கம்மா போவாரு?"

சுற்றுமுற்றும் பார்த்தார். பிறகு என் காதோரம் கையைக் குவித்துக்கொண்டு பெயரைச் சொன்னார். என் மூக்கு அன்று பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

மனு போயிற்று. எந்தத் துரையும் வரவில்லை. ஆனால் அம்மா கச்சேரிப் பக்கம் போனதை வண்டிக்காரன் பார்த்து ஊரில் சொல்லிவிட்டான். மனு கொடுக்கச் சொன்னது இவன், இல்லை அவன் என்று ஊருக்கு ஊர் சந்தேகம். சர்க்கார் ஆள் ஒளிந்து பார்க்கிறான் என்று பயம். அந்த மழைக்கு ஒருவரும் வாய்ப்பக்கம் போகவில்லை. முணுமுணுத்துக்கொண்டே சேற்றுப்பக்கம் வலை போட்டார்கள். கோடையில் அவருடைய கூடையில் மடவை முழங்கை நீளத்துக்குக் கிடந்தது.

அந்த வாரம் ஒரு சிறு சட்டி நிறையப் பனைவெல்லம் கொண்டுவந்து என் எதிரே வைத்தார்.

"புதுச் சட்டி, நயினாரே. மீன் வாடை படல. வண்டியில மடியிலயே வெச்சுகினு வந்தேன். சந்தேகமா இருந்தா மோந்து பாரு."

நான் மோந்து பார்க்கவில்லை.