மூன்று தட்டுக் கேக்கும் மும்மொழிப் பேச்சும்

ஒரே நேரத்தில் ரெண்டு வேலை பார்க்கக்கூடிய ஆள் நான் என்று வெகுகாலம் நம்பிக்கொண்டிருந்தேன். சமைத்துக்கொண்டே படிப்பேன், படித்துக்கொண்டே சண்டை போடுவேன். (சோறு அடிபிடித்ததும் பரீட்சையில் கோட்டைவிட்டதும் தனிக்கதை.) ஆனால் நடக்கும்போது மட்டும் வேறு எதையும் யோசிக்கவே கூடாத பிறவி நான் என்பது, ஸ்டெல்லா அக்காவின் கல்யாணத்தன்று ஊரே பார்த்துக்கொண்டிருக்கும்போதுதான் தெரியவந்தது.

எங்கள் தேயிலைத் தோட்டம் இலங்கை மலைநாட்டில், பசறைக்கு மேலே. அத்தான் வீடு பதுளை டவுனில். கல்யாணம் பேச வந்த அன்று அத்தானின் அம்மா, "தோட்டத்துப் பக்கமெல்லாம் கேக் வெட்டுவீங்களா?" என்று கேட்டுவிட்டார். சாதாரணமாகத்தான் கேட்டாரோ என்னவோ. அக்கா அன்று முழுக்கச் சாப்பிடவில்லை. மறுநாளே பசறைக்குப் போய் மூன்று தட்டுக் கேக்குக்குச் சொல்லிவிட்டு வந்தாள். அது மேசையில் ஏறும்போது மாமியார் வாயடைத்து நிற்க வேண்டும். அந்தக் கல்யாணத்தில் அவளுக்கு இருந்த ஒரே ஆசை அதுதான் (அத்தான் மன்னிக்கவும்).

கல்யாணத்தன்று காலையில் சேவியர் மாமாவுக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. மணமக்களை வாழ்த்தி, கிளாஸைத் தூக்கி, டோஸ்ட் பேச வேண்டியவர் அவர். தமிழில் தொடங்கி, அத்தானோடு வேலை செய்கிறவர்களுக்காகச் சிங்களத்தில் கொஞ்சம் பேசி, ஃபாதருக்காக இங்கிலீஷில் முடிக்க வேண்டும். வீடே கையைப் பிசைந்தது. "நான் பேசுறேன்!" என்றேன். எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது, உலகத்தில் முடியாத காரியமே கிடையாது.

மாதா கோயிலில் பூசை முடிந்து மாப்பிள்ளை வீட்டார் தோட்டத்து மண்டபத்து வாசலுக்கு வந்துவிட்டார்கள். அப்போதுதான் கேக் கொண்டுவந்த ஓட்டோ மேல் ரோட்டில் ஹோர்ன் அடித்தது. அங்கிருந்து மண்டபத்துக்குத் தேயிலைக்கு நடுவே செங்குத்தான கல்படிகள். "நானே போறேன்!" என்று அதற்கும் ஓடினேன்.

"தங்கச்சி, ரெண்டு பேரா தூக்குங்க" என்றார் ஓட்டோக்கார அண்ணன்.

"பரவாயில்ல அண்ணே, நான் பாத்துக்கிறேன்."

தூக்கினால் மூன்று தட்டும் பஞ்சு மாதிரி இருந்தது. என் கைப்பலத்தை நானே மெச்சிக்கொண்டேன். சும்மா இறங்குவானேன், பேச்சையும் ஒரு தடவை சொல்லிப் பார்த்துவிடலாம் என்று அங்கேதான் புத்தி போனது.

தமிழ் ஓடியவரை கால்களும் ஓடின. சிங்களம் தொடங்கியதும் சொல்லுக்கொரு தடவை நின்றேன். கீழே நின்ற சித்தி மகன் டெனிஸ் கத்தினான்.

"என்னாடி, நின்னு நின்னு வர்ற? கால் சுளுக்கிருச்சா?"

"சும்மா இருடா, மறந்துரும்!"

மறந்தேவிட்டது. மருமகன் என்பதற்குச் சிங்களத்தில் என்ன? பள்ளிக்கூடத்தில் படித்ததுதான், நாக்கு நுனியில் நிற்கிறது, வெளியே வர மாட்டேன் என்கிறது. மனசு அதைப் பிடிக்கப் போன நேரம் பார்த்துக் கால் அதுபாட்டுக்கு இறங்கியது. பாதி வழியில் ஒரு படி பெயர்ந்து போய்ப் பல வருடம். எங்கள் தோட்டத்தில் நடை பழகிய யாரும் அந்த இடத்தைத் தாண்டித்தான் போவார்கள். நானும் தினம் நாலு தடவை தாண்டுகிறவள்தான். அன்றைக்கு மட்டும், இல்லாத படியில் காலை வைத்தேன்.

"ஐயோ மாதாவே!"

மேல் தட்டுக் கேக் என் நெஞ்சில் அப்பிக்கொண்டது. மற்ற இரண்டு தட்டும் கழன்று படிப்படியாக உருண்டன. உடையும் என்று கண்ணை இறுக்கி மூடினேன். உடையவில்லை. பந்து மாதிரி துள்ளித் துள்ளிப் போய், பெரிய தட்டு நேராக மாமியார் காலடியில் நின்றது.

ஐசிங் உதிர்ந்த இடத்தில் வெள்ளை வெளேரென்று ரெஜிபோம். டீவி பெட்டிக்குள் வைத்து வருமே, அதேதான். மேல் தட்டு மட்டும்தான் நிஜக் கேக் என்பது அக்காவுக்கும் கேக் செய்தவருக்கும் மட்டுமே தெரிந்த ரகசியமாம். அக்காவின் முகம் அவள் சேலையைவிட வெளுத்துவிட்டது. அவளைப் பார்க்க முடியாமல் நான் படியிலேயே கிடந்தேன்.

மாமியார் குனிந்து அதை ஒரு கையால் தூக்கினார். விரலை மடக்கித் தட்டிப் பார்த்தார். பிறகு தோள் குலுங்கச் சிரிக்கத் தொடங்கினார்.

"அடிப்பாவிங்களா! மூணு தட்டுன்னு கேள்விப்பட்டு ஒரு மாசமா எனக்கு வயித்தெரிச்சல். எங்க மூத்தவன் கல்யாணத்துக்கு நாங்க வச்சது ரெண்டே தட்டு. அதுலயும் ஒண்ணு ரெஜிபோம்!"

அக்காவுக்கு முதலில் அழுகை வந்தது, பிறகுதான் சிரிப்பு. மாமியார் அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். எனக்கு உயிர் திரும்பி வந்தது.

வெட்டக் கேக் வேண்டுமே? விருந்தாளிகளுக்குக் கொடுக்கச் சுற்றிவைத்திருந்த தீப்பெட்டி அளவுத் துண்டு ஒன்றைப் பிரித்து மேசையில் வைத்தார்கள். ரிப்பன் கட்டிய நீளக் கத்தியை இருவரும் நாலு கையால் பிடித்து, ஆளுக்கொரு துணுக்கு வரும்படி வெட்டினார்கள். மண்டபமே எழுந்து கைதட்டியது. தலைமயிரில் ஐசிங்கோடு நானும் டோஸ்ட் பேசினேன். ஒரே இடத்தில் நின்று பேசியதால் மூன்று மொழியும் வரிசையாக வந்தன, அந்த மருமகன் உட்பட.

அன்றிலிருந்து அக்காவின் மாமியார் எனக்குப் போன் எடுத்தால் சுகம் விசாரிப்பதில்லை. "நடக்கிறியா, நிக்கிறியா?" என்பார். நடக்கிறேன் என்றால், "நின்னுட்டுப் பேசு" என்று பட்டென்று வைத்துவிடுவார். எங்கள் வீட்டில் இப்போது எல்லோருமே என்னிடம் அப்படித்தான் தொடங்குகிறார்கள்.

போன மாதம் பசறை டவுனில், இரண்டு கையிலும் மரக்கறிப் பையோடு பஸ்ஸுக்கு ஓடிக்கொண்டிருந்தேன். அக்காவைப் பதுளை ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்த நேரம். போன் அடித்தது. எப்படியோ எடுத்துக் காதுக்கும் தோளுக்கும் இடையில் இடுக்கிக்கொண்டேன்.

"அத்தே, என்னாச்சு? அக்கா எப்படி இருக்கா? சொல்லுங்க!"

"நடக்கிறியா?"

"ஓடுறேன் அத்தே!"

"உக்காரு."

பஸ் புறப்பட்டுவிட்டது. மரக்கறிப் பைகளுக்கு நடுவே, ரோட்டோரத்தில் அப்படியே உட்கார்ந்தேன்.

"உக்காந்துட்டேன்."

"ம். பொம்பளப் புள்ள. உன்ன மாதிரியே கத்துது."