மூணு ஷாட்டும் ஜன்னலோர நாற்காலியும்

கல்கத்தாத் தமிழர்களில் பாதிப் பேரை இரண்டு தலையோடு படம் பிடித்த பெருமை ஒரே ஒரு மனிதரைத்தான் சேரும். டாக்குரியா ஏரிக்கரையில் எங்கள் கீழ் வீட்டுக்காரர். என்னைப் போலவே திருநெல்வேலிப் பக்கம். மத்திய அரசு வேலையில் மாற்றலாகி வந்து, ஓய்வு பெற்ற பிறகும் ஊர் திரும்பாதவர். பெயரைச் சொன்னால் தபால்காரருக்கே தெரியாது. 'மூணு ஷாட்' என்றால் மீன்காரர்கூட வழி சொல்வார்.

வெளிச்சமும் இருட்டும் கலந்த இடத்தில் ஒரு படம் எடுத்தால் ஏதாவது ஒன்றுதான் சரியாக விழும். அதனால் ஒரே காட்சியை இருட்டாக, நடுத்தரமாக, வெளிச்சமாக என்று மூன்று முறை எடுத்து, கம்ப்யூட்டரில் சேர்ப்பார். எச்.டி.ஆர். என்று பெயர். கட்டடங்களுக்குப் பிரமாதமாக வரும். மனிதர்கள்தான் கட்டடம் மாதிரி நிற்பதில்லை.

"ஆடாம நில்லும்வே! மூச்சு விடாதேயும்!"

பூஜைப் பந்தலில் மேளக்காரர் ஒருவரை எடுத்தார். துர்கைக்குப் பத்துக் கை, மேளக்காரருக்குப் பன்னிரண்டு. அவர் பக்தியோடு படத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். எங்கள் சங்கத்துப் பொங்கல் விழா குரூப் போட்டோவில் தலைவருக்கு மூன்று தலை. நடுவில் தும்மிய செயலாளருக்கு ஒன்றுகூட இல்லை.

"தலைவருக்கு மூணு குடுத்தீரே, அதுல எனக்கு ஒண்ணு தரப்படாதா?" என்று செயலாளர் அழாத குறை.

நாங்கள் சிரித்தோம். ஆனால் ஆடுகிற மனிதர்களை அவர் எதற்காக இப்படித் துரத்தித் துரத்தி எடுத்துப் பழகினார் என்பது எனக்குத் தெரியும். மதினிக்கு, அதாவது அவர் மனைவிக்கு, கையில் தொடங்கிய நடுக்கம் தலை வரை வந்துவிட்டிருந்தது. பகல் முழுவதும் ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்து ஏரியைப் பார்த்துக்கொண்டிருப்பார். படுக்கையில் விழுவதற்குள் அவரையும் ஏரியையும் சேர்த்து ஒரு நல்ல படம் எடுத்துவிட வேண்டும் என்று மூணு ஷாட்டுக்கு வைராக்கியம். முகம் தெரிந்தால் ஜன்னல் வெள்ளைத்தாள். ஏரி தெரிந்தால் முகம் கரி. மூன்றையும் சேர்த்தால் மதினிக்கு ஆறு கண்.

வழி சொன்னது மதினிதான்.

"ஏரி எங்கயும் ஓடிராதுல்லா? ஆடுதது நான்தான். என்னைய ஒரே தடவை எடுங்க. நாற்காலி காலியா இருக்கப்ப ஏரியை மூணு தடவை எடுத்து, ரெண்டையும் ஒட்டிக்கிடுங்க."

மூணு ஷாட் கேமராவை ஸ்டாண்டில் மாட்டினார். அன்றே ஒரு படம் எடுத்தார். மதினியின் முகம் அத்தனை தெளிவு. லேசாகச் சிரிப்பு வேறு. பின்னால் ஜன்னல் மட்டும் வெள்ளை.

மீதி ஏரிப் படத்துக்கு, பகல் வெளிச்சத்தில் ஒரு நிமிஷம் மதினியைக் கைத்தாங்கலாக அந்தப் பக்கம் உட்கார வைத்தால் போதும். அங்கேதான் மனிதர் மக்கர் பண்ணினார். இன்று மழை மூட்டம் என்பார். மறுநாள், இப்போதுதான் உட்கார்ந்தாள் என்பார். கேமரா ஸ்டாண்டு கூடத்தின் நடுவிலேயே நின்றது. இம்மியும் நகரக் கூடாதாம். போகிறவர் வருகிறவர் எல்லாம் அதைப் பிரதட்சணம் செய்துகொண்டிருந்தோம்.

ஒருநாள் பொறுக்காமல் கேட்டேன். "ஒரு நிமிச வேலைவே. ஏன் இழுத்தடிக்கீரு?"

சுள்ளென்று விழுந்தார். "அந்த நாற்காலி காலியாக் கெடக்கதைப் பாக்க உமக்கு அம்புட்டு அவசரமாவே?"

அதற்குப் பிறகு நான் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

மழைக்காலம் முடிவதற்குள் மதினி போய்விட்டார். பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் காலையில் போனேன். நல்ல வெயில். ஏரி பளபளவென்று தெரிந்தது. மூணு ஷாட் கேமராவுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தார்.

"எடுத்துரலாம்வே. இனி யாரையும் எழுப்ப வேண்டாம்லா" என்றார்.

விரல் பட்டனில் இருந்தது. அமுக்கவில்லை. நானும் பொறுத்துப் பார்த்தேன். அவர் தோள் குலுங்க ஆரம்பித்தது. எனக்குத் தாங்கவில்லை. விறுவிறுவென்று போய் அந்த நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன்.

"எந்திரியும்வே, படத்துல விழுதீரு."

"எந்திரிக்க மாட்டேன். நீரு போயி காப்பி போடும்."

 அவர் கேமராவை அணைத்துவிட்டு அடுப்படிக்குப் போனார்.

இப்போதும் தினமும் காலையில் போய் அங்கே உட்கார்ந்துகொள்கிறேன். காப்பி வாயில் வைக்க முடியாது. ஆனாலும் அந்த மனிதரைக் காலி நாற்காலியோடு தனியாக விட எனக்கு மனசு வரவில்லை.