ஒரு வயது நாற்காலி

எஃகின் காலம் முடிந்துவிட்டது. இனி உலகத்தைத் தாங்கப்போவது மூங்கில்தான். மூங்கில் மேம்பாட்டு அலுவலகத்தின் துணை இயக்குநர் இதை அறிவித்தபோது, அவருடைய இரும்பு நாற்காலி ஒரு முனகல்கூட இல்லாமல் அவரைத் தாங்கிக்கொண்டிருந்தது.

பெரிய அதிகாரி பார்வையிட வருகிறார். அவர் மனம் குளிர்ந்தால் 'துணை' உதிர்ந்து, இவர் இயக்குநர். ஆகவே பன்னிரண்டு மூங்கில் நாற்காலிகளுக்கு உத்தரவாயிற்று.

அலுவலகத்தின் பின்புறத்து மூங்கில் தோப்பைப் பராமரித்தவர் துணை இயக்குநருடைய மனைவியின் அண்ணன். முளைத்த வருஷத்தை ஒவ்வொரு மூங்கிலிலும் எழுதிவைப்பார். வெட்டுமுன் விரல் முட்டியால் தட்டி, காதை வைத்துக் கேட்பார்.

"என்ன மச்சான், நாடி பாக்குறீங்களா? காய்ச்சல் ஏதும் இருக்கா?" என்பார் துணை இயக்குநர். அலுவலகமே சிரிக்கும். சிரிக்காதவர்களுக்கு லீவு கிடைப்பது கஷ்டம்.

வருகையை முன்னிட்டு 'அழகுபடுத்தும் பணி' நடந்தது. எல்லா மூங்கிலுக்கும் பச்சைப் பெயிண்ட். வருஷங்கள் மறைந்தன. நாற்காலிக்கென்று துணை இயக்குநர் காட்டிய மூங்கிலை மச்சான் தட்டிப் பார்த்தார்.

"மாப்ளே, நீங்க காட்டுறது ஒரு வயசுக் குருத்து. உள்ள பூரா தண்ணி. நாலு வயசாவது ஆகணும்."

"நல்லா கொழுகொழுன்னுதானே இருக்கு?"

"குழந்தைகூடத்தான் கொழுகொழுன்னு இருக்கு. அது மேல ஏறி உக்காருவீங்களா?"

"வர்ற தேதி மாறாது மச்சான். மூங்கில்தான் வயசை மாத்திக்கணும்."

பெரிய அதிகாரி வந்தார். "ஆகா, இயற்கை!" என்று உட்கார்ந்தார். இயற்கை படாரென்று பதில் சொன்னது. மீதி ஆய்வைத் தரையிலிருந்தபடியே மேற்கொண்டார்.

விசாரணைக் குழு அமைந்தது; தலைவர், துணை இயக்குநரே. மறுநாளே அறிக்கை தயார்: 'தொடர்ந்து தட்டப்பட்டதால் மூங்கில்கள் மன உளைச்சலுக்கு ஆளாகியுள்ளன. தட்டியவர் பணிநீக்கம் செய்யப்படுகிறார். இனி இவ்வளாகத்தில் எவரும் மூங்கிலைத் தட்டலாகாது.'

மச்சான் சாவியைக் கொடுத்துவிட்டு ஒன்று மட்டும் கேட்டார்: "தங்கச்சிகிட்ட நான் சொல்லவா மாப்ளே, நீங்களே சொல்லிடுறீங்களா?"

குற்றவாளியை இத்தனை சீக்கிரம் கண்டுபிடித்தவரை மேலிடம் இயக்குநராக்கியது. இரும்பு நாற்காலி வெளியேறி, மிஞ்சிய பதினொன்றில் ஒன்று அவர் அறைக்கு வந்தது. மேசைமேல் முதல் கோப்பு: தட்டுதல் தடை உத்தரவு.

இயக்குநர் கதவைச் சாத்தினார். ஜன்னலையும் சாத்தினார். குனிந்து, நாற்காலியின் நான்கு கால்களையும் விரல் முட்டியால் தட்டி, ஒவ்வொன்றாகக் காதை வைத்துக் கேட்டார்.

பிறகு, நின்றபடியே கையெழுத்துப் போட்டார்.